மாதாவின் முதுகு

பலெர்மோ
2 பெப்ரவரி 2003

என் அக்கா பெற்ற அகஸ்ரீனாவுக்கு,

உன் கடிதத்தைப் பல்லரோச் சந்தையில் மீன் வாங்க நின்ற இடத்திலேயே பிரித்துப் படித்துவிட்டேன். தளப்பத்து மீன் வெட்டிக்கொண்டிருந்தவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்ன, வீட்டிலை கலியாணமோ?” என்று கேட்டான். “அதுக்கும் மேலை. என்ரை மருமகள் மாதா சுருவம் செய்யப்போறாள்” என்றேன். அவன் கத்தியை வைத்துவிட்டு எனக்குக் கைகொடுத்தான். சந்தையே கைதட்டியது. நம்பாவிட்டால் நீயே வந்து கேட்டுப்பார்.

எங்கள் சங்குத்துறைக் கோயிலுக்குப் புது மாதா சிலை. செய்கிறவள் என் அக்காவின் மகள். ஏழு வருடமாகக் கல்லறைக்குக் குரிசு வார்த்த கைக்கு இது எப்போதோ வரவேண்டியது. கோயில் மூப்பர் வஸ்தியாம்பிள்ளை இவ்வளவு காலம் எங்கே பார்த்துக்கொண்டிருந்தாரோ தெரியவில்லை.

மாதிரி வேண்டும் என்று கேட்டாய். கேட்கவேண்டிய ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். இந்த நகரத்தில் ஐந்நூறு வருடத்துக்கு முன் பிராஞ்செஸ்கோ லவுறானா என்று ஒரு சிற்பி இருந்தார். இத்தாலிக்காரர் தங்கள் ஆள் என்பார்கள், குரோஷியாக்காரர் தங்கள் ஆள் என்பார்கள். பிறந்தது குரோஷியாப் பக்கத்துக் கடற்கரை. உளியை வாயில் கவ்விக்கொண்டு, கடலை நீந்தியே கடந்து வந்தவராம். எங்களைப் போலத்தான், பெர்மெஸ்ஸோ என்கிற அனுமதிக் கடதாசி இல்லாமல் வந்து இறங்கிய ஆள். ஆனால் அவருக்கு இங்கே கதவெல்லாம் திறந்தது. பெரிய கோயிலில் அவருடைய மாதா நிற்கிறா. பிரான்சிஸ்குக் கோயிலில் அவர் செய்த கல் வளைவு இருக்கிறது. நூதனசாலையில் எலியனோரா என்ற சீமாட்டியின் தலை இருக்கிறது. அவ கண்ணைத் தாழ்த்திக்கொண்டு இருப்பா. நான் உள்ளே போனால் மட்டும் கொஞ்சம் உயர்த்துவா.

இவை எல்லாம் இப்போது என் பொறுப்பில்தான் இருக்கின்றன என்று சொன்னால் பெருமை பேசுகிறேன் என்பாய். ஆகவே சொல்லவில்லை.

உனக்கு ஏற்றது இவற்றில் ஒன்றும் அல்ல. வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் ஒரு சின்னக் கோயில், அதற்குள்ளே ஒரு மாதா. லவுறானாவின் கை அல்லது அவருடைய பட்டறையின் கை என்று பலகையில் எழுதியிருக்கிறது. பட்டறை என்பதை நீ கணக்கில் எடுக்காதே. இடக்கையில் குழந்தை, தலையில் முக்காடு, உன் உயரம். பட அட்டை ஒன்று வைத்து அனுப்புகிறேன். எந்தச் சந்தேகம் என்றாலும் எழுது. அந்த மாதாவை எனக்கு வீட்டு ஆள் போலத் தெரியும்.

உன் மாமா
எமிலியாம்பிள்ளை


சங்குத்துறை
27.02.2003

அன்புள்ள மாமா,

படம் கசங்காமல் வந்தது. முகம் வடிவு. நான் செய்யப்போவது இவவைத்தான் என்று அன்றே முடிவெடுத்துவிட்டேன். கம்பிக்கூடு கட்டி முடிந்தது. சீமெந்துக்குச் சலித்த மணல் வந்திருக்கிறது.

ஒரு சிக்கல். படத்தில் முன்பக்கம்தான் இருக்கிறது. எனக்கு முதுகு வேண்டும்.

நீங்கள் ஊரைவிட்டுப் போய்க் கனகாலம் என்பதால் ஞாபகப்படுத்துகிறேன். ஓகஸ்ட் பதினைந்து மாதா திருநாள் சுற்றுப்பிரகாரத்தில் ஆண்கள் கொடியோடு முன்னால் போவார்கள். மாதாவைப் பல்லக்குக் கூட்டில் வைத்துத் தோளில் தூக்குவார்கள். பெண்கள் எல்லோரும் பின்னால். கடற்கரைச் சந்திவரை போய்த் திரும்ப ஒன்றரை மணித்தியாலம். அவ்வளவு நேரமும் நாங்கள் பார்த்துக்கொண்டு செபமாலை சொல்லுவது அவவின் முதுகைத்தான். அம்மா உயிரோடு இருந்தபோது சொல்லுவா, “எனக்கு மாதாவின்ரை முகத்தை விட முதுகுதான் நல்லாத் தெரியும்” என்று. சண்டையில் செல் விழுந்து உடைந்த பழைய சுருவத்துக்குப் பின்னால் நீலத் துணியும் நட்சத்திரமும் தீட்டியிருந்தது. அது எல்லோருக்கும் மனப்பாடம். ஆகவே முதுகு பிழையாகப் போனால் என் வேலையே பிழை.

முக்காடு பின்னால் எதுவரை வருகிறது? மடிப்பு எத்தனை? தலைமயிர் தெரிகிறதா? பார்த்து எழுதுங்கள். பார்த்து, மாமா.

ஒரு பெண் சுருவம் செய்வதா என்று ஏற்கெனவே நாலு பேர் முணுமுணுக்கிறார்கள். ஒருமுறை பிழை விட்டால் இன்னொரு முறை தரமாட்டார்கள்.

அகஸ்ரீனா


பலெர்மோ
21 மார்ச் 2003

அகஸ்ரீனாப் பிள்ளை,

முதுகுதானே. இதற்கா இவ்வளவு கவலை.

கோயில் திறப்புக்கொத்து வைத்திருக்கும் தோத்தோக் கிழவன் எனக்கு வலது கை மாதிரி. “தோத்தோ, பின்பக்கம் போகவேணும்” என்றேன். “உங்களுக்கு இல்லாத பின்பக்கமோ” என்று சொல்லி விளக்கைக் கொளுத்தித் தந்தான். சுருவத்துக்குப் பின்னால் ஒரு ஆள் தாராளமாக நின்று சுருட்டுப் பிடிக்கலாம். நான் அரை மணித்தியாலம் நின்று பார்த்தேன்.

எழுதிக்கொள். முக்காடு பிடரியோடு முடிகிறது. அதற்குக் கீழே பின்னல். மூன்று பிரிப் பின்னல், இடுப்புவரை, நுனியில் சின்னச் சங்கு ஒன்று கட்டியிருக்கிறது. லவுறானா கடற்கரை ஆள் அல்லவா, அங்கே பெண்கள் அப்படித்தான் கட்டுவார்களாம். பின்னலில் ஒவ்வொரு மயிராக எண்ணலாம். நான் எண்ணத் தொடங்கி நூறோடு விட்டுவிட்டேன்.

நம்பிக்கையோடு செய். யாராவது வாய் திறந்தால், பலெர்மோவில் மாமா கண்ணால் பார்த்தவர் என்று சொல்.

உன் மாமா
எமிலியாம்பிள்ளை


சங்குத்துறை
30.04.2003

மாமா,

சுருவம் பார்க்க ஞாயிற்றுக்கிழமை மூப்பரும் சபைக்காரரும் வந்தார்கள். முன்னால் நின்று பார்த்தபோது எல்லோரும் குரிசு போட்டுக்கொண்டார்கள். மூப்பர் தொப்பியைக் கழற்றினார். பிறகு சுற்றிப் பின்னால் போனார்கள்.

“உதென்ன பிள்ளை?”

“பின்னல், மூப்பர்.”

“மாதாவோ, கலைவிழாவுக்கு ஆட வந்த பெட்டையோ?”

சபையில் மாக்கிரட் அக்கா ஒருத்திதான் எனக்காகப் பேசக்கூடியவ. அவவே, “நுனியிலை சங்கு வேறை” என்று சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டா. எல்லோரும் சிரித்தார்கள். நான், இது பலெர்மோவில் ஐந்நூறு வருடப் பழைய சுருவத்தில் உள்ளது, மாமா பார்த்தவர் என்றேன்.

மூப்பர் சொன்னார்: “அப்ப அவர் கையெழுத்து வைச்சு எழுதித் தரட்டும். சபையிலை வாசிப்பம். யூன் கடைசியிலை வாற இராயப்பர் திருநாளுக்கு முதல் வராட்டி கொழும்பிலையிருந்து பிளாஸ்ரர் சுருவம் எடுக்கிறதுதான்.”

நான் தைரியமாகத்தான் தலையாட்டினேன். அன்று பின்னேரம் உங்கள் பலெர்மோவில் இருந்து யோசப்பின் அக்கா வந்தா, தம்பியின் கலியாணத்துக்கு. உங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடிச் சின்யோராவிடம் வேலை செய்கிறவ. நூதனசாலையில் உங்கள் பொறுப்பு எப்படி என்று கேட்டேன்.

“ஆர், எமிலி அண்ணையோ? அவர் எங்கடை படிக்கட்டுக் கழுவுறவர். சனிக்கிழமையிலை அந்தச் சின்னக் கோயில் கூட்டுறவர். நல்ல மனுசன். சுருவத்துக்குப் பின்னாலையோ? அதுக்குள்ளை ஒரு பூனை போக ஏலாது.”

நீங்கள் படிக்கட்டுக் கழுவுவது எனக்கு வெட்கம் இல்லை. அந்தப் பின்னலைப் பிரி பிரியாக நான் பதினொரு நாள் செதுக்கினேன், மாமா. அதுதான் எனக்கு வெட்கம்.

இனிக் கதை வேண்டாம். அந்தச் சுருவத்தின் பின்னால் என்ன இருக்கிறதோ அதைப் பார்த்து எழுதுங்கள். பார்க்க முடியாவிட்டால் முடியவில்லை என்று எழுதுங்கள். நான் கொழும்புச் சுருவத்துக்கு இடம் விடப்போவதில்லை. என்ன வந்தாலும் பதினைந்தாம் தேதி இவ வெளியே போவா.

அகஸ்ரீனா


பலெர்மோ
18 மே 2003

அகஸ்ரீனா,

மூன்று நாள் பேனையைத் தொடவில்லை. யோசப்பினுக்கு வாய் நீளம் என்று எழுதத்தான் முதலில் இருந்தேன். எழுதவில்லை. அவள் சொன்னது எல்லாம் சரி.

ஒன்று மட்டும் சொல்லவிடு. இந்த ஊரில் படிக்கட்டுக் கழுவுவதில் என்னை வெல்ல ஆள் இல்லை. இதைப் பொய் என்று யோசப்பினும் சொல்லமாட்டாள்.

பன்னிரண்டு வருடமாக லவுறானாவின் வேலை ஒன்றையும் நான் உள்ளே போய்ப் பார்த்ததில்லை, அந்த ஒரு சின்னக் கோயிலைத் தவிர. கடதாசி இல்லாத காலத்தில் சீருடை நிற்கிற வாசல் என்றால் மறுபக்கத்துத் தெருவால் போவேன். அட்டைப் படங்களைப் பார்த்துத்தான் உனக்கு எழுதினேன். போன மாதம் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் என் பெர்மெஸ்ஸோ கைக்கு வந்தது. ஆகவே நேற்று நூதனசாலைக்குப் போனேன். வாசலில் காவலாளி கையை நீட்டினார். நான் பெர்மெஸ்ஸோவை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, “உது வேண்டாம். ரிக்கற் எங்கை?” என்றார்.

எலியனோராவை முதன்முதலாகக் கண்டேன். கண்ணை உயர்த்தவில்லை. சுற்றிவந்து பார்த்தேன். பின்னலும் இல்லை, சங்கும் இல்லை. தலையை ஒட்டி மூடிய துணி, மழமழவென்று. சுற்றிவரப் பார்க்கக்கூடிய இடத்தில் அந்த மனிதர் சுற்றிவர வேலை செய்திருக்கிறார். பிறகு பெரிய கோயிலுக்கும் பிரான்சிஸ்குக் கோயிலுக்கும் நடந்தேன். பன்னிரண்டு வருடமாகச் செய்திருக்க வேண்டியதை ஒரு நாளில் செய்ததில் கால் வீங்கிவிட்டது.

இனி எங்கள் மாதாவின் முதுகு. சுவருக்கும் அவவுக்கும் இடையில் நாலு விரல் இடம். எப்படியும் பார்ப்பேன். பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன்.

மாமா


பலெர்மோ
1 யூன் 2003

அகஸ்ரீனா,

பார்த்துவிட்டேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். என் கைக்கு இது பழக்கம் இல்லை, பொறுத்துக்கொள்.

தோத்தோக் கிழவன் எனக்கு வலது கை மாதிரி இல்லை. என்னை ஒழுங்காகப் பெயர் சொல்லியும் கூப்பிடமாட்டான். இரண்டு சனிக்கிழமை கெஞ்சினேன்.

“பின்னாலை என்ன இருக்கப்போகுது? சுவர் இருக்கு.”

“சுவருக்கு முன்னாலை?”

“மாதா இருக்கிறா.”

“ரெண்டுக்கும் நடுவிலை?”

“உனக்கு விசர். என்ரை அப்பாவும் இஞ்சைதான் திறப்பு வைச்சிருந்தவர். அவரும் பார்க்கேல்லை.”

“அப்ப நாங்கள் ரெண்டு பேரும்தான் முதல் ஆக்கள்.”

அந்தச் சொல் அவனுக்குப் பிடித்துவிட்டது. நேற்று உச்சிவேளைப் பூசை முடிந்ததும் கதவைச் சாத்தினான்.

உனக்கு ஞாபகம் இருக்கும், முகமாலைச் சோதனைச்சாவடியில் லொறிக்குக் கீழே கண்ணாடி விட்டுப் பார்க்கிறார்கள் என்று நீ ஒருமுறை எழுதினாய். அதுதான் எனக்குக் கைகொடுத்தது. என் சவரக் கண்ணாடியைக் கோயில் கூட்டுகிற தும்புக்கட்டைத் தடியில் சரித்துக் கட்டினேன். மறுபக்கத்தால் தோத்தோ ரோச் லைற் அடித்தான். ஆமிக்காரன் மாதாவைச் சோதிக்கிற மாதிரி இருந்தது. இரண்டு பேரும் குரிசு போட்டுக்கொண்டோம்.

அகஸ்ரீனா, அங்கே ஒன்றும் இல்லை.

முக்காடு தோளைத் தாண்டி, பக்கவாட்டில் மூன்று மடிப்பு. கண் எட்டுகிற இடம்வரை வழுவழுப்பு. அதோடு வேலை நிற்கிறது. அதற்கு அப்பால் வெறும் கல். உளி கொத்திய தடம் மேலிருந்து கீழ்வரை. நடுவில் பாரம் குறையக் குடைந்திருக்கிறார்கள். சுவரோடு பிடிக்க ஒரு துருப்பிடித்த இரும்பு. நான் மூன்று முறை கண்ணாடியை ஏற்றி இறக்கினேன். ஏதாவது இருக்காதா என்று எனக்கே ஆசையாக இருந்தது. தோத்தோவும் பார்த்தான். “பாவி, முதுகு செய்யேல்லை” என்றான்.

வீட்டுக்கு வந்து மூப்பருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதில் நீலத் துணியும் பன்னிரண்டு நட்சத்திரமும் இருந்தன. வஸ்தியாம்பிள்ளை கேட்டால் அழுவார், உனக்கும் வேலை நிலைக்கும். வாசித்துப் பார்த்தேன், அவ்வளவு அருமையாக இருந்தது. கிழித்துவிட்டேன். நீ பதினொரு நாள் செதுக்கியது நினைவுக்கு வந்தது. இன்னொன்று எழுதினேன். அதை இத்துடன் வைக்கிறேன். வாசிப்பதும் விடுவதும் உன் விருப்பம்.

மாமா

*சங்குத்துறை மூப்பர் வஸ்தியாம்பிள்ளை அவர்களுக்கும் சபையாருக்கும்:*

*நான் பலெர்மோவில் படிக்கட்டுக் கழுவுகிறவன். சனிக்கிழமைகளில் இந்தக் கோயிலைக் கூட்டுகிறவன். நூதனசாலை அதிகாரி என்று நான் ஊருக்கு எழுதியது எல்லாம் பொய். பின்னல் என்று என் மருமகளுக்கு எழுதியதும் பொய். அவள்மேல் பிழை இல்லை.*

*இந்த மாதாவின் முதுகை மே முப்பத்தொன்றாம் தேதி கண்ணாடி விட்டுப் பார்த்தேன். செய்யப்படவில்லை. இங்கே அவ சுவரோடு நிற்கிறா, பின்னால் ஒருவரும் போவதில்லை, ஆகவே அந்தப் பெரிய சிற்பி விட்டுவிட்டார். இதே சிற்பி, சுற்றிவந்து பார்க்கிற சீமாட்டியின் தலைக்குப் பின்னால் ஒழுங்காக வேலை செய்திருப்பதையும் பார்த்தேன். எங்கள் ஊரில் மாதாவுக்குப் பின்னால் பாதி ஊர் நடக்கிறது. ஆகவே எங்கள் மாதாவுக்கு முதுகு வேண்டும். அதற்கு இத்தாலியில் மாதிரி இல்லை. அகஸ்ரீனாதான் செய்யவேண்டும்.*

*இப்படிக்கு உண்மையுடன்,*
*ம. எமிலியாம்பிள்ளை*


சங்குத்துறை
20.08.2003

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதம் இராயப்பர் திருநாளுக்கு நான்கு நாள் முன்னால் வந்தது. வாசிப்பதா என்று ஒரு இரவு யோசித்தேன். உங்கள் பெயர் போய்விடுமே என்றுதான். நீங்களே கையெழுத்து வைத்துவிட்டீர்கள், நான் ஏன் மறைக்கவேண்டும் என்று கொண்டுபோனேன்.

மூப்பரே சத்தமாக வாசித்தார். படிக்கட்டு என்ற இடத்தில் பின்வரிசையில் சிரிப்பு. கண்ணாடி விட்ட இடத்தில் சிரிப்பு நின்றது. வாசித்து முடித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“அப்ப அந்த ஆளும் செய்யேல்லை?”

“இல்லை.”

“இப்ப ஆர் செய்யிறது?”

“நான்.”

“எதைப் பார்த்து?”

“ஓகஸ்ட் முதலாம் தேதி வந்து பாருங்கோ” என்று மட்டும் சொன்னேன். மூப்பர் அதிசயமாக ஓம் என்றார்.

பின்னலைக் கொத்தி எடுக்க நான்கு நாள் போனது. சங்கைக் கடைசியாகக் கொத்தினேன். அது கொஞ்சம் நன்றாகத்தான் வந்திருந்தது. அதன்பின் மூன்று ஞாயிறு பூசையில் கடைசி வரிசை வாங்கில் இருந்தேன். எனக்கு முன்னால் முழுக்க முதுகுகள். முக்காடு எப்படி விழுகிறது, யாருக்கு எந்தத் தோளில் சரிகிறது என்று கொப்பியில் கீறினேன். மூன்றாம் ஞாயிறு மாக்கிரட் அக்கா பேரப்பிள்ளையை இடக்கையில் தூக்கிக்கொண்டு வந்து எனக்கு நேர் முன்வரிசையில் நின்றா. பிள்ளை அவவின் தோளுக்கு மேலால் கையைப் போட்டு முக்காட்டைப் பின்னால் கொத்தாகப் பிடித்துக்கொண்டு நின்றது. பூசை முடியும்வரை விடவில்லை. துணி முழுவதும் அந்தக் கையை நோக்கி இழுபட்டு மடிந்திருந்தது. நான் பூசை முடியமுன்னரே எழும்பி வந்து சீமெந்து குழைத்தேன்.

உங்கள் படத்தில் குழந்தையின் வலக்கை தாயின் தோளுக்குப் பின்னால் மறைந்து போகிறது, கவனித்தீர்களா? அந்தக் கை எங்கே போனது என்று லவுறானா செய்யவில்லை. நான் செய்தேன். பின்னால் நிற்கிறவர்களுக்கு மட்டும் தெரியும் ஒரு சின்னக் கை, ஐந்து விரலும், முக்காட்டைப் பிடித்தபடி.

முதலாம் தேதி சபைக்காரர் வந்தார்கள். சுற்றிப் பின்னால் போனார்கள். மூப்பர், “பூச்சு எப்ப காயும்?” என்று மட்டும் கேட்டார்.

பதினைந்தாம் தேதி அவ வெளியே போனா. மாக்கிரட் அக்கா செபமாலையில் கணக்குத் தவறி ஒரே மணியில் இரண்டு தரம் சொன்னா. “உந்தக் கையைப் பார்த்துக்கொண்டு என்னெண்டடி எண்ணுறது?” என்று எனக்கு ஏச்சு. கடற்கரைச் சந்தியில் கூடு திரும்பியபோது பார்த்தேன், மூப்பர் முன்னால் இல்லை. முப்பது வருடமாகக் கொடி பிடித்த மனிதர் அதை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் பெண்களோடு பின்னால் நடந்துகொண்டிருந்தார். தொப்பி கையில்.

அடுத்த ஊரிலிருந்து அந்தோனியார் சுருவம் கேட்டு வந்திருக்கிறார்கள். முதுகோடு வேண்டுமாம்.

யோசப்பின் அக்காவோடு சண்டை பிடிக்காதேயுங்கள்.

அகஸ்ரீனா


பலெர்மோ
14 செப்ரெம்பர் 2003

என் அகஸ்ரீனாவுக்கு,

யோசப்பினோடு சண்டை இல்லை. உன் கடிதத்தை அவளுக்கு மூன்று மாடி ஏறிப்போய் வாசித்துக் காட்டினேன். இறங்கும்போது ஒவ்வொரு மாடியிலும் நின்று மற்றவர்களுக்கும் வாசித்தேன். மீன்காரனுக்கும் வாசித்தேன். இந்தமுறை சந்தை உண்மையாகவே கைதட்டியது. சரி, இரண்டு பேர்.

பிறகு கண்ணாடித் தடியை எடுத்துக்கொண்டு தோத்தோவிடம் போனேன். குழந்தையின் வலக்கை போகிற இடத்துக்கு விட்டுப் பார்த்தோம். நீ சொன்னது சரி. மணிக்கட்டோடு கை முடிந்து, கல் தொடங்குகிறது.

தோத்தோவிடம் சொன்னேன், இந்த மாதாவை இரண்டு பேர் செய்தார்கள், தொடங்கியவர் குரோஷியாக்காரர், ஐந்நூறு வருடம் கழித்து முடித்தவள் என் மருமகள் என்று. “நீ சொல்லுறதிலை எனக்குப் பாதிதான் நம்பிக்கை” என்றான். எந்தப் பாதி என்று கேட்டேன். திறப்புக்கொத்தைச் சுழற்றிக்கொண்டு நின்றான்.

ஆகவே உடனே ஒரு படம் எடுத்து அனுப்பு. பின்பக்கத்தை மட்டும் எடு, கை தெரிய. முன்பக்கம் எங்களிடம் இருக்கிறது.

உன் மாமா,
படிக்கட்டுக் கழுவுகிற
எமிலியாம்பிள்ளை